நான்காவது பிள்ளை யாருக்காக? பாலித் தீவின் குடும்ப முறையும் பெண்களின் இடமும்

இந்தோனேசியாவின் பாலி மாகாண ஆளுநர் ஐ வாயான் கொஸ்தெர், 2019 ஜூன் மாதம் மாவட்ட நிர்வாகங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பினார். பல பத்தாண்டுகளாக நாடு முழுவதும் ஒலித்துவந்த ‘இரண்டு பிள்ளைகள் போதும்’ என்ற முழக்கத்தைப் பாலியில் நிறுத்திவிட்டு, நான்கு பிள்ளைகள் பெற்றுக்கொள்ளப் பாலி மக்களுக்கு உரிமை உண்டு என்று எடுத்துச்சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். 2025இல் மீண்டும் ஆளுநரான பிறகு, ஞோமான், கெதுத் என்ற பெயர்களைப் பெறும் மூன்றாம், நான்காம் குழந்தைகளுக்கு ஊக்க உதவி தரும் திட்டத்தையும் அவர் முன்வைத்தார்.

வெளியிலிருந்து படிப்பவருக்கு இச்செய்தி விளங்குவது கடினம். பாலியின் பரப்பு 6,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2020 கணக்கெடுப்பில் அங்கே 43 லட்சம் பேர் வாழ்ந்தனர். நிலமும் தண்ணீரும் சுற்றுலாவால் ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் இடத்தில், கூடுதல் பிள்ளைகளை அரசே ஏன் கேட்கிறது? அதற்கும் இரண்டு பெயர்களுக்கும் என்ன தொடர்பு? விடை, பாலி இந்துக்களின் குடும்பம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் எந்த இடம் தரப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

பெயர் என்பது வரிசை எண்

பாலியில் பெரும்பாலானோருக்குப் பிறந்த வரிசையே பெயர். முதல் பிள்ளை வாயான், புத்து அல்லது கெடே, இரண்டாவது மடே, காடெக் அல்லது நெங்ஙா, மூன்றாவது ஞோமான் அல்லது கோமாங், நான்காவது கெதுத். ஐந்தாவது பிறந்தால் வரிசை மறுபடி வாயானில் தொடங்கும். ஒரு சில பெயர்கள் தவிர, மற்றவை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. முன்னால் ‘ஐ’ வந்தால் ஆண், ‘நி’ வந்தால் பெண். வாயான் என்பது மூத்ததைக் குறிக்கும் பாலிச் சொல்லிலிருந்து வந்தது. மடே நாம் ‘மத்தியம்’ என்று சொல்லும் அதே சொல்லின் திரிபு.

எல்லா வீடுகளும் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டால், ஒரு தலைமுறைக்குள் ஞோமானும் கெதுத்தும் பள்ளிப் பதிவேடுகளிலிருந்து மறைந்துவிடும். அரசு சொல்லும் காரணம் இது. பிற தீவுகளிலிருந்து வந்து குடியேறுவோர் பெருக, பாலியில் ஏறத்தாழ 87 விழுக்காடாக இருக்கும் இந்துக்களின் பங்கு குறையும் என்ற அச்சமும் இதோடு சேர்ந்திருக்கிறது. பல கோடி முஸ்லிம்கள் வாழும் நாட்டில் பாலி இந்துக்கள் சிறுபான்மையினர். இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் பெயரும் எண்ணிக்கையும் மேற்பரப்பில் தெரிபவை. அடியில் இருப்பது வாரிசுப் பிரச்சினை.

வீடு, சங்கா, பஞ்சார்

பாலிக் குடும்பத்தைக் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று மட்டும் எண்ணினால் மேற்கொண்டு எதுவும் புரியாது. அது கடமைகளைச் சுமக்கும் ஓர் அலகு. அந்தக் கடமைகள் மூன்று இடங்களில் இருக்கின்றன.

1. சங்கா. சுவர் சூழ்ந்த வளாகத்துக்குள் தனித்தனிக் கட்டடங்களாக அமைந்ததே மரபான பாலி வீடு. மலையை நோக்கிய திசையும் கிழக்கும் கூடும் மூலை புனிதமானது. அங்கே குலமுன்னோரின் கோயிலான சங்கா இருக்கும். சமையலறை கடலை நோக்கிய தெற்கில் அமையும் (மலைக்கு வடக்கே உள்ள ஊர்களில் இந்தத் திசைகள் தலைகீழாகும்). இறந்தவர்கள் எரியூட்டுச் சடங்குகளால் தூய்மையடைந்து முன்னோராகி இந்தச் சங்காவில் அமர்கிறார்கள் என்பதும், பிறகு அதே குடும்பத்தில் குழந்தையாகத் திரும்பி வருகிறார்கள் என்பதும் நம்பிக்கை. ஆகவே சங்காவைப் பராமரிக்க ஆள் இல்லாத வீடு, முன்னோர் திரும்பி வர வழியில்லாத வீடு.

2. பஞ்சார். அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த அமைப்பு இது. சாவு, திருமணம், கோயில் விழா எதுவானாலும் குல்குல் என்னும் மரத்தாலான அழைப்பு முரசு முழங்கியதும் வீட்டுக்கு ஒருவர் வேலைக்கு வர வேண்டும். வராதவர் தண்டம் கட்ட வேண்டும். ஓயாமல் புறக்கணிப்பவரை ஊர் ஒதுக்கிவைக்கவும் முடியும். அந்த ஒதுக்கல் சில நேரம் சுடுகாடுவரை நீளும்.

3. தேசா அதாத், அதாவது மரபுவழி ஊர். பல பஞ்சார்கள் சேர்ந்தது ஓர் ஊர். தீவில் இப்படி ஏறத்தாழ 1,500 ஊர்கள் உள்ளன. ஒவ்வோர் ஊருக்கும் ‘அவிக்-அவிக்’ எனப்படும் தனிச் சட்டத்தொகுப்பு உண்டு. மாகாணத்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் எண் 4 இந்த ஊர்களுக்கு முறையான தகுதியை உறுதிசெய்தது. பல இடங்களில் வீடு நிற்கும் மனையே ஊருக்குச் சொந்தமானது. ஊர் வேலையைச் செய்வதற்கு ஈடாக அந்தக் குடும்பம் அதில் குடியிருக்கிறது.

பஞ்சாரின் முழு உறுப்பினர் தகுதி தனி ஆளுக்குக் கிடைப்பதில்லை. திருமணமான இணைக்கே அது கிடைக்கிறது. ஆண் செய்யும் வேலையும் பெண் செய்யும் வேலையும் சேர்ந்தால்தான் ஒரு குடும்பத்தின் கடமை நிறைவேறும். ஆனால் ‘சங்கெப்’ எனும் கூட்டத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பவர் கணவர். வேலை இருவருக்கும் பொது, குரல் ஒருவருக்கு என்ற இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் சிக்கல்கள் எளிதில் விளங்கும்.

யார் என்ன வேலை செய்கிறார்

210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்ஙான் திருநாளுக்கு முந்தைய நாளில் ஒரு பாலி வளாகத்தை நினைத்துப் பார்ப்போம். விடியுமுன்பே ஆண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, தடித்த மரக்கட்டைகளின் மேல் பன்றி இறைச்சியையும் மசாலாப் பொருள்களையும் கத்தியால் கொத்திக்கொண்டிருப்பார்கள். தேங்காய்த் துருவலும் காய்களும் கலந்த ‘லாவார்’ அவர்கள் கைப்பக்குவம். அன்றாடச் சமையல் பெண்ணுக்கு, சடங்குச் சமையல் ஆணுக்கு என்பது அங்கே பழைய வழக்கம். வாசலில் ‘பெஞ்ஜோர்’ என்னும் வளைந்த மூங்கிலை அலங்கரித்து நடுவதும் ஆண்கள் வேலை.

மறுபுறம் திண்ணையில் பெண்கள். அவர்களுடைய வேலை அன்று தொடங்கியதன்று. குருத்தோலையைக் கீறி, மூங்கில் ஊசியால் தைத்து, சிறு தட்டுகளாக்கி, நூற்றுக்கணக்கில் அடுக்கும் வேலை வாரக்கணக்கில் நடந்திருக்கும். ‘பந்தென்’ எனும் படையல்களில் மிக எளியது அன்றாடம் வைக்கும் சானாங் சாரி. அந்தத் தட்டின் நடுவே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு அடங்கிய சிறு மடிப்பு. அதன் மேல் கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே கருமைக்கு ஈடான நீலம் அல்லது பச்சை. ஒவ்வொரு திசைக்கும் ஒரு தெய்வம். இந்த எளிய படையலிலேயே இவ்வளவு ஒழுங்கு என்றால், பெரிய கோயில் விழாக்களின் பந்தென் வகைகளைத் தவறின்றிச் செய்ய எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதை ஊகிக்கலாம். அதில் தேர்ந்த பெண்களுக்கு ஊரில் தனி மதிப்பு உண்டு. இதோடு காலையில் சமைத்து முடித்ததும், வீட்டார் உண்ணுமுன், அடுப்பு, கிணறு, வாசல் என ஒவ்வோர் இடத்திலும் வாழையிலைத் துண்டில் சிறிது சோறு வைப்பதும் பெரும்பாலும் பெண்ணின் வேலை.

பாலிப் பெண் வீட்டுக்குள் அடைந்திருப்பவளும் அல்லள். சந்தை வணிகம் நெடுங்காலமாகப் பெண்கள் கையில் இருக்கிறது. கட்டட வேலையில் மணலும் கல்லும் தலையில் சுமக்கிறார்கள். இன்று விடுதிகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கிறார்கள். சமயத் துறையிலும் கதவு முற்றாக அடைக்கப்படவில்லை: பிராமணக் குடியின் குருமாரான பெடண்டாக்களில் பெண்களும் உண்டு, கணவனோடு சேர்ந்து தீட்சை பெற்ற மனைவி தானே சடங்கை நடத்தலாம். மாதவிலக்குக் காலத்தில் கோயிலுக்குள் நுழையத் தடை இருப்பது உண்மை. நாம் தீட்டு என்று சொல்வதை அவர்கள் ‘சுந்தாகா’ என்பார்கள், வீட்டில் சாவு நேர்ந்தால் ஆணுக்கும் அது உண்டு.

எனவே பாலியில் பெண்ணின் நிலையை ‘ஒடுக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது தவறு. ஆனால் ‘ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிட்டுச் செய்கிறார்கள்’ என்று வருணிப்பதும் தவறு. ஆண்களின் சடங்கு வேலை விழா நாள்களில் குவிகிறது. பெண்களுடையது ஆண்டின் எல்லா நாளும் இருக்கிறது. அதன் மேல் சம்பள வேலை, அதன் மேல் பிள்ளை வளர்ப்பு. வேலைக்குப் போகும் பெண்கள் பலர் இன்று பந்தென்களைச் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்; அதற்கான குருத்தோலையில் கணிசமான பகுதி ஜாவாவிலிருந்து கடல் கடந்து வருகிறது. உழைப்பு செலவாக மாறியிருக்கிறது. பொறுப்பு பெண்ணிடமிருந்து நீங்கவில்லை.

புருஷா, பிரதானா: இரண்டு சட்ட நிலைகள்

பாலியின் வாரிசு முறை தந்தைவழிப்பட்டது. அதை விளக்கும் இரண்டு சொற்கள் சாங்கிய தத்துவத்திலிருந்து வந்தவை: குலத்தை நிலைநிறுத்துபவர் புருஷா, அந்தக் குலத்துக்குள் வந்து சேர்பவர் பிரதானா. வழக்கமாகக் கணவன் புருஷா, மனைவி பிரதானா. ஆனால் இவை உடலால் வருபவை அல்ல, திருமணத்தால் வரும் நிலைகள். எந்த வகைத் திருமணம் என்பதைப் பொறுத்து இடம் மாறலாம்.

1. வழக்கமான திருமணம். மணப்பெண் தன் பிறந்த வீட்டுச் சங்காவில் முன்னோர் முன் அமர்ந்து விடைபெறுகிறாள். இதற்கு ‘மெபாமித்’ என்று பெயர். ‘இனி உங்களை நான் வழிபட மாட்டேன், என் கணவரின் முன்னோரே என் முன்னோர்’ என்பது அச்சடங்கின் பொருள். பெற்றோர் பல நேரம் கண்கலங்கி நிற்கும் கட்டம் அதுதான். பாட்டன் பாட்டி அமர்ந்திருக்கும் கோயிலிலிருந்தே ஒருத்தி விலகுகிறாள். அந்த நொடியில் அவளுடைய ஊர்க்கடமை, வழிபாடு, வாரிசுரிமை எல்லாம் இடம் மாறுகின்றன.

2. ஞெந்தானா. மகன் இல்லாத வீட்டில் ஒரு மகளை ‘செந்தானா ராஜெக்’ ஆக்குவார்கள். செந்தானா என்பது நம் ‘சந்தானம்’தான், குலத்தை நிமிர்ந்து நிறுத்தும் வாரிசு என்று பொருள் கொள்ளலாம். இங்கே பெண் வீட்டார் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். விடைபெறும் சடங்கை மணமகன் தன் பிறந்த வீட்டில் செய்வான். மனைவி புருஷா, கணவன் பிரதானா. பிள்ளைகள் தாயின் குலம். தமிழில் வீட்டோடு மாப்பிள்ளை என்கிறோமே, அதைவிட இது ஆழமானது. நம் வீட்டோடு மாப்பிள்ளையின் பிள்ளைகள் தகப்பனின் குலத்தில்தான் எண்ணப்படுகிறார்கள். தபானான் மாவட்டத்தில் ஞெந்தானா இயல்பாக நடக்கிறது. கிழக்கே காராங்கஸெம் போன்ற பகுதிகளில் அரிது. மகனை இப்படி அனுப்ப மறுக்கும் பெற்றோரால் முறியும் காதல்கள் பல.

3. படா கெலஹாங். ‘இருவருக்கும் சொந்தம்’ என்று பொருள். இரு வீட்டிலும் வேறு வாரிசு இல்லாதபோது, இணையர் இரு குலங்களின் கடமைகளையும் ஏற்கிறார்கள். பிள்ளைகள் எந்தக் குலத்தைத் தொடர்வார்கள் என்பதை இரு குடும்பமும் முன்கூட்டியே பேசி முடிவுசெய்கின்றன. ஊர்ப் பேரவைகளின் மாகாண அமைப்பு 2010இல் இதற்கு ஏற்பு அளித்தது. இதன் சுமையும் சிறிதன்று: இரண்டு சங்கா, பெரும்பாலும் இரண்டு பஞ்சார், இரண்டு ஊர்களின் விழாக்கள்.

இவற்றோடு குடிப்பிரிவும் குறுக்கிடுகிறது. பிராமண, க்ஷத்திரிய, வைசியக் குடிகள் மக்கள்தொகையில் சிறுபகுதி. பெரும்பான்மையினர் ‘ஜாபா’ எனப்படும் பொதுக்குடியினர். மேல்குடிப் பெண் கீழ்க்குடி ஆணை மணந்தால் அவள் ‘விழுந்தவள்’. ஆண் கீழ்க்குடிப் பெண்ணை மணந்தால் விழுவதில்லை. டச்சு ஆட்சி 1910இல் இத்தகைய திருமணங்களுக்குத் தண்டனையையே விதிகளாக எழுதிவைத்தது. இணையர் தீவை விட்டு நாடுகடத்தப்பட்டதும் உண்டு. 1951இல் பாலிப் பிரதிநிதிகள் அவை அவ்விதிகளை நீக்கியது. சட்டம் போன பிறகும், பிறந்த வீட்டாரின் பேச்சிலும் உட்காரும் உயரத்திலும் அந்த விழுதல் பல குடும்பங்களில் நீடிக்கிறது.

மகன் ஏன் வேண்டும்

குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியைக் கழுவும் வேலை பாலியில் தந்தையுடையது. அதை அவர் கவனமாகத் தூய்மைசெய்து, தேங்காய்க்குள் வைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, வீட்டு வாசலருகே புதைக்கிறார்: ஆண் குழந்தையானால் வலப்புறம், பெண்ணானால் இடப்புறம். மேலே ஒரு கல், முள்தாழை, இரவில் விளக்கு. நஞ்சுக்கொடி குழந்தையோடு பிறந்த உடன்பிறப்பு, வாழ்நாள் முழுவதும் காக்கும் என்பது நம்பிக்கை. 105ஆம் நாள் சடங்கு, 210ஆம் நாள் முதல் பிறந்தநாளான ஓதோன், பின்னாளில் பல் அராவும் சடங்கு ஆகியவை ஆண், பெண் இருபாலருக்கும் உண்டு. பிள்ளைப் பருவத்தில் மகளைக் குறைத்து நடத்தும் சடங்கு வேறுபாடு பாலியில் பெரிதாக இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

வேறுபாடு பிறகு வருகிறது. மகள் ஒருநாள் மெபாமித் செய்து வேறு சங்காவுக்குப் போவாள் என்பது எல்லாருக்கும் தெரிந்த எதிர்பார்ப்பு. பெற்றோரை எரியூட்டி முன்னோராக்கும் கடனும், மனைக்கான ஊர் வேலையும் மகன் மேல் விழுகின்றன. மகன் இல்லாத மருமகள் மேல் படியும் அழுத்தம் இங்கிருந்து பிறக்கிறது. மக்கட்பேற்றைச் சமூகம் எவ்வளவு முக்கியமாகக் கருதுகிறது என்பதற்கு ஒரு பழைய வழக்கம் சான்று: பொதுக்குடியினரில், பிள்ளை பிறந்ததும் பெற்றோரின் சொந்தப் பெயர் பின்னுக்குப் போய், அவர்கள் ‘பான் இன்னார்’, ‘மென் இன்னார்’, அதாவது இன்னாரின் தகப்பன், இன்னாரின் தாய் என்றே அழைக்கப்படுவர். பிள்ளையில்லாதவர் கடைசிவரை தன் பெயரிலேயே இருப்பார்.

இங்கே எளிய கணக்கு ஒன்று உதவும். ஆணும் பெண்ணும் ஏறத்தாழ சம வாய்ப்பில் பிறப்பதாகக் கொண்டால், இரண்டு பிள்ளைகளோடு நிறுத்தும் நான்கு குடும்பங்களில் ஒன்றுக்கு மகன் இருக்காது. நான்கு பிள்ளைகள் பெற்றால் அது பதினாறில் ஒன்றாகக் குறையும். ஆகவே ‘இரண்டு போதும்’ என்ற கொள்கை பாலியில் குடும்பத்தைச் சிறிதாக்கியதோடு நிற்காமல், மகன் இல்லாத வீடுகளின் எண்ணிக்கையையும் கூட்டியது. ஞெந்தானாவும் படா கெலஹாங்கும் இன்று இவ்வளவு பேசப்படுவதற்கு இது ஒரு முதன்மையான காரணம். சங்காவை வெறுமையாக விடாமல் காக்க இரண்டு வழிகள் இருக்கின்றன: பெண் அதிகப் பிள்ளை பெறுவது, அல்லது மகளையும் இயல்பான வாரிசாக எண்ணுவது. நான்கு பிள்ளை அறிவுறுத்தல் முதல் வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

சொத்தும் மணவிலக்கும்: 2010இல் மாறியது என்ன

மரபுச் சட்டம் மகளுக்குச் சொத்துரிமை மறுத்ததற்குச் சொல்லும் நியாயம் எளிதானது: கடமை சுமப்பவருக்கே உரிமை. சுவதர்மம் எங்கே இருக்கிறதோ, சுவதிகாரம் அங்கே இருக்கும். மணமாகிப் போகும் மகள் பிறந்த வீட்டுக் கடமையிலிருந்து விலகுவதால் உரிமையும் விலகுகிறது. மணமாகாமல் பிறந்த வீட்டிலேயே இருக்கும் மகளுக்கு அங்கே வாழ்ந்து பயன்பெறும் உரிமை உண்டு.

2010 அக்டோபரில் பாலியின் ஊர்ப் பேரவைகளின் மாகாண அமைப்பு எடுத்த முடிவு இந்த நியாயத்தை விட்டுவிடாமலேயே அதைத் திருத்தியது. அதன் முக்கியக் கூறுகள்:

1. மணமாகிப் போன மகளின் விலகல் முழுமையானதன்று, வரம்புக்குட்பட்டது. பெற்றோர் மேல் அவளுக்கு அக்கறையும் கடமையும் தொடர்வதால், அவர்கள் தேடிய சொத்தில் அவளுக்கும் பங்கு உண்டு. மதம் மாறிச் சென்றவருக்கே முழு விலகல். அவருக்கும் பெற்றோர் விரும்பினால் கொடையாகத் தரலாம்.

2. சங்கா போன்ற குலச்சொத்து பங்கிடப்படாது. பெற்றோர் தேடிய சொத்தில் மூன்றில் ஒரு பங்கை முன்னோர் கடமைகளுக்காக ஒதுக்கிவிட்டு, மீதியில் மகனின் பங்கில் பாதி மகளுக்கு. பெற்றோர் 90 கோடி ரூபியா தேடி வைத்து, ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தால்: 30 கோடி ஒதுக்கப்படும், மீதி 60 கோடியில் மகனுக்கு 40, மகளுக்கு 20.

3. மணவாழ்வில் இருவரும் சேர்ந்து தேடிய சொத்து, மணவிலக்கின்போது சமமாகப் பிரிக்கப்படும். 

4. மணவிலக்குக்குப் பின் பிள்ளைகளைத் தாய் வளர்க்கலாம். ஆனால் தந்தையின் குலத்தோடு அவர்களுக்குள்ள பிணைப்பு அறுபடாது.

5. மணவிலக்குப் பெற்றுத் திரும்பும் மகளைப் பிறந்த வீடு, கன்னியாக இருந்தபோது இருந்த அதே கடமைகளோடும் உரிமைகளோடும் ஏற்க வேண்டும். இந்த நிலைக்கு ‘மூலி டாஹா’ என்று பெயர்.

கடைசிக் கூறு சிறியதாகத் தெரியலாம். நடைமுறையில் மிகக் கனமானது அதுதான். மெபாமித் செய்து முன்னோரிடம் விடைபெற்றவள், மணவிலக்கால் கணவன் குலத்தையும் இழக்கும்போது, எந்தச் சங்காவிலும் இடமில்லாதவளாகிறாள். இறந்தால் எந்த வீடு எரியூட்டும் என்ற கேள்வி எழுகிறது. அடித்து நொறுக்கும் மணவாழ்விலும் சில பெண்கள் தங்கிவிடுவதற்கு, பிள்ளைகளை இழக்கும் அச்சத்தோடு, இந்த அச்சமும் காரணம்.

தேசியச் சட்டம் இதைவிடத் தொலைவு போயிருக்கிறது. வட சுமத்ராவின் காரோ மக்களைப் பற்றிய வழக்கில், மகளுக்கும் மகனுக்கும் சம வாரிசுரிமை உண்டு என்று இந்தோனேசிய உச்ச நீதிமன்றம் 1961இலேயே தீர்ப்பளித்தது. ஆனால் பாலியில் ஒரு பெண் நீதிமன்றம் போனால், தீர்ப்போடு ஊருக்குத் திரும்பி அதே பஞ்சாரில்தான் வாழ வேண்டும். 2010 முடிவும்கூட வழிகாட்டுதல்தான். ஒவ்வோர் ஊரும் தன் அவிக்-அவிக்கில் எழுதிக்கொண்டால்தான் அது அன்றாட வாழ்வில் செல்லுபடியாகும்.

பாதிப் பங்கு போதாது என்பது என் கருத்து. அதற்குச் சமத்துவக் கோட்பாட்டை வெளியிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை. கடமை உள்ள இடத்தில் உரிமை என்ற பாலியின் சொந்த அளவுகோலே போதும். திண்ணையில் தைக்கப்படும் ஒவ்வொரு தட்டையும் கடமையாக எண்ணினால், பெண்ணின் கணக்கு ஆணின் கணக்குக்குக் குறைந்திருக்காது.

பஞ்சார் கேட்ட இரண்டு, அரசு கேட்கும் நான்கு

குழந்தை எண்ணிக்கையில் அரசு தலையிடுவது பாலிக்குப் புதிதன்று. தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. அதன் திட்டம் பாலியில் பஞ்சார் வழியாக நடந்தது. பஞ்சார் மண்டபச் சுவரில் வீடுகளைக் குறித்த வரைபடம் தொங்கும். எந்த வீட்டில் எந்தக் கருத்தடை முறை என்பதை நிறங்கள் காட்டும். மாதக் கூட்டத்தில் கணவர்கள் தத்தம் வீட்டு நிலையை எல்லார் முன்னும் சொல்வார்கள். அதிகம் பின்பற்றப்பட்ட முறையோ மனைவியின் கருப்பைக்குள் பொருத்தும் வளையம். 1960களின் இறுதியில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 6 பிள்ளைகளாக இருந்த கருவள விகிதம், 1990களின் தொடக்கத்தில் இரண்டைச் சற்றே தாண்டிய அளவுக்கு இறங்கியது. உலக அளவில் வெற்றிக்கதையாகப் பேசப்பட்ட திட்டம் அது. பெண்களின் கல்வியும் வருமானமும் இந்த இறக்கத்துக்குத் துணைநின்றன; ஆனால் உடலில் வளையம் யாருக்கு, கூட்டத்தில் பேச்சு யாருக்கு என்ற பிரிவினை அன்றும் மாறவில்லை.

இன்று திசை மட்டும் மாறியிருக்கிறது. ஊக்க உதவி கிடைத்தாலும், நான்கு பிள்ளைகளுக்கான செலவு அதில் அடங்காது. பாலியில் மனை விலை சுற்றுலாவால் ஏறியிருக்கிறது. ஒரு வளாகத்தில் நான்கு மகன்களின் குடும்பங்களுக்கு இடம் இருக்காது. நான்கு மகப்பேறுகள், நான்கு பிள்ளைகளின் ஓதோன்களும் பல் அராவும் சடங்குகளும், அவற்றுக்கான பந்தென்கள் என எல்லாம் மேலே விவரித்த அதே கைகளுக்குப் போகும். சம்பள வேலையை விட்டு விலகும் நிலையும் பெரும்பாலும் தாய்க்கே வரும்.

இரண்டாம் வழியான மகளை வாரிசாக எண்ணுவது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றன்று. ஞெந்தானாவாகவும் படா கெலஹாங்காகவும் பாலிக்குள்ளேயே இருக்கிறது. தபானானில் நடப்பதை மற்ற மாவட்டங்களும் இயல்பாக ஏற்றால், இரண்டு மகள்கள் உள்ள வீட்டின் சங்கா வெறுமையாகாது, மூன்றாவது முயற்சிக்காக ஒரு தாய் வற்புறுத்தப்படவும் மாட்டாள். ஆனால் அந்த ஏற்பு ஆளுநரின் அறிவுறுத்தலால் வந்துவிடாது. ஊர் ஊராக அவிக்-அவிக் திருத்தப்படும்போதுதான் வரும்; அதைத் திருத்தும் கூட்டங்களில் இப்போது பெரும்பாலும் அமர்ந்திருப்பவர்கள் கணவர்கள். செந்தானா ராஜெக்காகக் குலத்தைத் தாங்கும் பெண்களின் வீடுகளிலிருந்தும் அக்கூட்டத்துக்குப் பல ஊர்களில் கணவரே போகிறார்.